எட்டாம் நாள்

தும்மினேன். அவ்வளவுதான்.
குளியலறைத் தரையில் நின்றபடி,
தொடையில் வெதுவெதுவென்று ஏதோ இறங்க
குனிந்து பார்த்தேன்:
அடிவயிற்றில்
அரை விரல் நீளத்துக்கு ஒரு வாய்.
வலிக்கவில்லை.
வலிக்காததுதான் பயமாக இருந்தது.

நாராப்ரையிலிருந்து நாற்பது கிலோமீட்டர் ஓட்டி
நர்ஸ் டெனீஸ் வந்தாள்.
கார்க் கண்ணாடியெங்கும் செத்த வெட்டுக்கிளி.
கையுறை மாட்டி, விளக்கடித்துப் பார்த்து,
தையல் விட்டிருக்கிறது, நடப்பதுதான் என்று
ஆங்கிலத்தில் அதற்கொரு சொல் சொன்னாள்.

எனக்கு அந்தச் சொல்லைத் தெரியும்.
வேளாண் கல்லூரி இரண்டாம் ஆண்டு,
காய்களைப் பற்றிய பாடம்,
ஐந்து மதிப்பெண் கேள்வி.
எள்ளுக்கும் ஆமணக்குக்கும் எழுதிய சொல்
என் வயிற்றுக்கு எப்போது வந்தது?

பருத்திக் காய் எண்ணுவது என் வேலை.
ஊருக்குப் பெயர் வீ வா.
(வந்த அன்று பலகையைத் தமிழில் படித்து
மலரே வா என்று சிரித்துக்கொண்டேன்.
இங்கே யாரிடமும் சொல்ல முடியாத சிரிப்பு.
தையல் என்றால் பெண் என்பதையும்
டெனீஸிடம் சொல்லவில்லை.)
ஜனவரி முழுக்க வயிற்றைத் தள்ளிக்கொண்டு
வரிசை வரிசையாக நடந்தேன்.
காய்க்கு நாலு அறை, சிலதற்கு ஐந்து.
ஒவ்வொரு அறையின் முதுகிலும் ஒரு கோடு.
அதற்கும் தையல் என்றே பெயர்.
பூவாக இருக்கையிலேயே விழுந்த கோடு,
எங்கே பிரிய வேண்டும் என்று
பிஞ்சுக்கு முன்பே தெரிந்த கோடு.
நாள் வந்ததும் அங்கேயுள்ள செல்கள்
ஒன்றின் கையை ஒன்று விடும்.
மிச்சத்தை வெயில் பார்த்துக்கொள்ளும்.

அப்படித்தான் பாடம்.
வயலில் யாருக்கு அவ்வளவு பொறுமை?
மார்ச் கடைசியில் விமானம் வரும்,
இலை உதிரவும்
எல்லாக் காயும் ஒரே வாரத்தில் வெடிக்கவும் மருந்து.
அளவு, தேதி, காற்றின் வேகம்
எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் விடுப்பில் போனேன்.
எனக்கும் எழுதிக் கொடுத்தார்கள்:
வியாழன், காலை எட்டரை,
வெறும் வயிற்றோடு வரவும்.

மறுபடி தைக்க மாட்டீர்களா என்றேன்.
மாட்டோம் என்றாள்.
மேலே மூடினால் உள்ளே சீழ் பிடிக்கும்.
அடியிலிருந்து நிரம்பி வரட்டும்.
குச்சியை விட்டு ஆழம் பார்த்தாள், மூன்று சென்டிமீட்டர்.
உப்புநீரில் நனைத்த துணியைக்
கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வைத்தாள்.
நூறு சதம் பருத்தி என்றது உறை.
எந்த வயல் என்று போடவில்லை.

அன்று மதியம் விமானம் கேட்டது.
நமோய் ஆற்றுப் பக்கம் தாழப் பறந்து, திரும்பி,
மறுபடியும்.
ஜன்னலைச் சாத்த எழுந்தேன்.
குழந்தை சிணுங்கியதும், அழுவதற்கு முன்பே,
இரண்டு மார்பும் தாமாகத் திறந்துகொண்டன.
யாரும் தேதி குறிக்காமல்
என் உடம்பில் அந்த மாதம் நடந்தது
அது ஒன்றுதான்.

ஒரு வாரத்தில் ஊர் வெள்ளையாகிவிட்டது.
டெனீஸ் ஒன்றுவிட்டு ஒருநாள் வந்தாள்.
இரண்டரை. இரண்டு. மறுபடி இரண்டு.
ஒருநாள் ரத்தச் சிவப்பாக உள்ளே எதையோ காட்டி
அழகாயிருக்கிறது என்றாள்.
கண்ணாடியில் பார்த்தேன்.
மாதுளை உடைத்தது போலிருந்தது.
எனக்கு அழகாகப் படவில்லை,
ஆனாலும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அறுவடை இயந்திரங்கள் இரவெல்லாம் விளக்கோடு போயின.
பஞ்செடுத்த செடிகளில்
வெடிக்காமலே நின்ற காய்கள் உண்டு,
உள்ளே கறுத்து, கல்லாகி.
அவற்றை யாரும் எண்ணுவதில்லை.
நான் ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி
சமையலறை ஜன்னலில் வைத்தேன்.
இன்னும் அப்படியே இருக்கிறது.

கடைசியாக வந்தபோது டெனீஸ்
என்னை விட்டுவிட்டுக் குழந்தையைத் தூக்கினாள்.
உச்சிக்குழியில் விரல் வைத்தாள்.
தோலுக்கடியில் துடித்தது,
எலும்பும் எலும்பும் இன்னும் சேராத இடம்.
எப்போது மூடும் என்று கேட்டேன்.
ஒன்றரை வருஷம் ஆகலாம்,
அதுவரை திறந்துதான் இருக்க வேண்டும்,
மூளை வளர இடம் வேண்டாமா என்றாள்.

பிறகு கை கழுவிவிட்டு
சட்டையைத் தூக்கச் சொன்னாள்.
அரை சென்டிமீட்டர்.